பகைவர் இறந்தால் நிம்மதி கொள்ளலாமா?

கேள்வி: கடலில் எங்கள் வலையை அறுத்துவிட்டுப் பல ஆண்டுகள் பகை பாராட்டிய ஒருவர் அண்மையில் காலமானார். செய்தி கேட்டதும் எனக்குள் நிம்மதி எழுந்தது. என் தம்பியோ ஏலக்கூடத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தான். அவருடைய முப்பதாம் நாள் திருப்பலிக்கு நான் போகலாமா?
– வாசகர், பாம்பன்

பதில்: தொல்லை ஓய்ந்தது என்ற நிம்மதி தானாக எழுவது; அதற்காக நீங்கள் பாவ அறிக்கை செய்யும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு ஓட வேண்டியதில்லை. தீயோர் அழியும்போது ஊர் ஆர்ப்பரிக்கும் என்று விவிலியத்தின் நீதிமொழிகள் நூல் 11-ஆம் அதிகாரத்தில் உள்ளதை உள்ளபடியே சொல்கிறது. ஆனால் அதே நூலின் 24-ஆம் அதிகாரம், பகைவன் விழும்போது மகிழாதே என்று தடுக்கிறது. உங்கள் தம்பியின் மிட்டாய் இந்தத் தடைக்குள் வருகிறது.

விவிலியத்தில் வரும், பின்னாளில் அரசரான தாவீதைப் பாருங்கள். தன்னை ஈட்டியால் குத்த முயன்று, பாலைவனமெங்கும் விரட்டிய இஸ்ரயேல் அரசர் சவுல் கில்போவா மலையில் மடிந்த செய்தியை, பரிசு கிடைக்குமென்று நம்பி ஒருவன் கொண்டுவந்தபோது, தாவீது ஆடையைக் கிழித்துக்கொண்டு மாலைவரை நோன்பிருந்தார். பின்பு அவர் பாடிய இரங்கற்பாவில் சவுலின் வீரம் இருக்கிறது. தனக்கு இழைத்த கொடுமை ஒரு வரியிலும் இல்லை. அதற்காக அக்கொடுமையை நியாயப்படுத்தவும் இல்லை. துக்க வீட்டில் இறந்தவரைப் பொய்யாகப் புகழும் நம் ஊர் வழக்கத்துக்கும் இதற்கும் வெகுதூரம்.

ஆகவே திருப்பலிக்குப் போங்கள். பின்வரிசையில் நின்றாலும் போதும், அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபியுங்கள். அறுந்த வலைக்கான நட்ட ஈட்டைச் சில நாள் கழித்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அவர் பிள்ளைகளிடம் பேசிக்கொள்ளலாம்.