படுக்கையறைக்கு நிறம் பார்க்கும் முன் விளக்கை மாற்றுங்கள்

"மேற்குப் பார்த்த படுக்கையறை. படுத்தால் மனம் அடங்க வேண்டும். கணவர் இளநீலம் என்கிறார், எனக்கு லாவண்டர் பிடித்திருக்கிறது. எதை அடிக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லாமல் விட்டதை நானே ஊகித்துக்கொள்கிறேன். மடிப்பாக்கத்திலோ பெரம்பூரிலோ ஓர் அடுக்ககம், 10க்கு 11 அடியில் ஓர் அறை, ஒரே ஜன்னல், அதற்கு எதிரே எட்டித் தொடும் தொலைவில் அடுத்த கட்டடத்தின் சுவர், அறைக்குள் 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும்) என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் வெள்ளை எல்இடி டியூப். இந்த ஊகம் சரியென்றால், நீலமா லாவண்டரா என்பதைச் சில நாள் ஒத்திவைத்துவிட்டு, முதலில் அந்த டியூபைக் கழற்றுங்கள் என்பதுதான் என் பதில்.

நான் உள் அலங்காரம் படித்தவள் அல்லள். கணக்கு எழுதிப் பிழைப்பவள். ஆனால் என் தாயாரின் அறைக்கு நிறம் தேர்ந்தெடுத்த விவகாரத்தில் வீட்டில் அனைவரோடும் மல்லுக்கு நின்றவள் என்ற தகுதி எனக்கு உண்டு.

அம்மாவின் அறையில் பல ஆண்டுகளாக வெளிர்நீலம்தான் இருந்தது. வலக்கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர், கட்டு பிரித்த பிறகு சுவரைப் பார்த்து, "யாருடி இவ்வளவு நீலத்தைக் கொட்டி வச்சது?" என்று கேட்டார். யாரும் எதையும் கொட்டவில்லை. வயது ஏற ஏறக் கண்ணின் இயற்கை லென்ஸ் மஞ்சளித்துப் பழுப்பேறி, நீலப் பகுதி ஒளியை விழித்திரைவரை விடாமல் தடுத்துவிடுகிறது. செயற்கை லென்ஸ் பொருத்தியதும் அந்த ஒளி மறுபடி உள்ளே வருகிறது. இடக்கண்ணில் அப்போது அறுவை நடக்கவில்லை என்பதால், அம்மா ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பார். ஒரு கண்ணுக்கு நீலச் சுவர், இன்னொன்றுக்குப் பாசி படிந்த சாம்பல் சுவர். அதே அறை, அதே பெயிண்ட்.

அண்ணனுக்குத் தீபாவளிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். மேஸ்திரி ஷேட் கார்டைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்துவிட்டார். அண்ணியின் விருப்பம் பீச், அண்ணனின் விருப்பம் வாஸ்துப்படி பச்சை. அந்த அறையில் படுக்கப்போகிறவரின் இரண்டு கண்களும் இரண்டு விதமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யார் விருப்பத்துக்கு என்ன பொருள் என்று நான் கேட்டேன். இரண்டாவது கண்ணுக்கும் அறுவை முடிந்து பார்வை நிலைத்த பிறகே சுவரில் கைவைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அதற்காகத் 'தலைக்கனம்' என்ற பட்டமும் கிடைத்தது. தவிர, அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஊரில், ஓதம் ஏறிய சுவர்மேல் எமல்ஷன் அடித்தால் உப்பு பூத்துக் கொப்பளமாக உரிந்து வரும் என்பதற்கு நான் ஒன்றும் விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. தை பிறந்த பிறகுதான் வேலையைத் தொடங்கினோம்.

இடைப்பட்ட காலத்தில் நாங்கள் செய்ததைத்தான் உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன். விரலகலத் துண்டுகள் ஒட்டிய ஷேட் கார்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். கைபேசித் திரையில் தெரியும் சுவரை அறவே நம்பாதீர்கள். பிடித்த சில நிறங்களில் சிறிய டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி ஹார்டுபோர்டில் வெள்ளை பிரைமரின்மேல் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். சுவரிலேயே அடித்துப் பார்ப்பதைவிட இது மேல், ஏனென்றால் சுற்றியிருக்கும் பழைய நிறம் புதிய நிறத்தை வேறாகக் காட்டும். பலகையை ஜன்னல் பக்கத்துச் சுவரிலும் எதிர்ச்சுவரிலும் மாற்றி மாற்றிச் சாய்த்துவைத்து, காலையிலும், மாலை நான்கு மணிக்கு மேற்கு வெயில் உள்ளே விழும்போதும், இரவில் விளக்கொளியிலும் பாருங்கள். எங்கள் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் அடுக்ககத்துக்கு ஆரஞ்சு நிறம் பூசியிருக்கிறார்கள். மாலையானால் அந்த ஆரஞ்சு எங்கள் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், கிரீம் பலகை பீச்சாகிவிடும். அண்ணி கேட்ட பீச்சைப் பக்கத்துக் கட்டடத்துக்காரர் இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தார் என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

இன்னொன்றும் பலகையில் தெரியாது. நான்கு சுவர்களும் ஒரே நிறமானால் ஒன்றின் ஒளி மற்றொன்றின்மேல் பட்டுத் திரும்பித் திரும்பி அந்த நிறம் அழுத்தமாகிவிடும். ஆகவே பலகையில் மனத்துக்குப் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை, அதிலும் சற்றே சாம்பல் கலந்ததை எடுப்பது நல்லது.

இப்போது டியூபுக்கு வருகிறேன். 6500 கெல்வின் ஒளியில் நீலம் மிகுதி. நம் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் தவிர, பகலா இரவா என்பதை மூளைக்குச் சொல்லும் செல்களும் இருக்கின்றன என்பது 2002 வாக்கில் உறுதியாயிற்று. அவை ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்குத்தான் மிகுதியாக விழித்துக்கொள்கின்றன. இரவு பத்து மணிக்கு அந்த டியூபின் கீழே உட்கார்ந்திருந்தால், தூக்கத்துக்கு நம்மை ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் சுரப்பு தள்ளிப்போகிறது. நீலச் சுவர் தூக்கத்தைக் கெடுக்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள், மங்கிய மஞ்சள் விளக்கில் சுவரிலிருந்து திரும்பும் நீலம் மிகக் குறைவு. அதேபோல நீலச் சுவர் தூங்கவைக்கும் என்பதற்கும் இதில் இடமில்லை. கணக்கில் வருவது கண்ணை எட்டும் ஒளியின் அளவும் தன்மையும்தான். 2700 அல்லது 3000 கெல்வின் பல்பு, அதையும் தலைக்கு நேர்மேலே தொங்கவிடாமல் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால், பாதி வேலை முடிந்தது.

இந்த நிறம் அமைதி தரும், அந்த நிறம் கோபம் தரும் என்று உறுதியாகச் சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1979இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடற்படைச் சிறையில் ஓர் அறைக்கு இளஞ்சிவப்பு அடித்து, கைதிகளின் மூர்க்கம் தணிந்தது என்றார்கள். அந்த நிறத்துக்கு பேக்கர்-மில்லர் என்று அங்கிருந்த இரு அதிகாரிகளின் பெயர்களையே வைத்தார்கள். சுவிட்சர்லாந்துச் சிறையொன்றில் முறையாக ஒப்பிட்டுச் செய்து 2015இல் வெளியான ஆய்வில், இளஞ்சிவப்பு அறைக்கும் வெள்ளை அறைக்கும் அப்படியொரு வேறுபாடு தென்படவில்லை. வாஸ்து பார்ப்பவர்கள் என்மேல் பாய வேண்டாம், நம்பிக்கை தரும் நிம்மதியும் நிம்மதிதான். கருநீல அறையில் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று சொல்ல வருபவர்களையும் மறுக்கவில்லை. அவர்கள் அறை பெரியதாக இருக்கும்.

அம்மா கடைசியில் எடுத்தது, அவரே சொன்ன சொல்லில், அரிசி களைந்த தண்ணீரின் நிறம். இரண்டு கண்ணும் தெளிந்த பிறகு, புதிய மஞ்சள் விளக்கின் கீழே, எங்கள் யாருடைய உதவியும் இல்லாமல் அந்தப் பலகையைக் காட்டினார். அதை மேட் பூச்சில் அடித்தோம். 'துடைத்தால் பளிச்சென்று இருக்கும்' என்று மேஸ்திரி பளபளப்பு வகையைத்தான் சிபாரிசு செய்தார், ஆனால் பளபளப்புச் சுவரில் விளக்கு தெறித்துக் கண்ணைக் கூசவைக்கும், பட்டி பார்த்ததில் உள்ள மேடுபள்ளமெல்லாம் தெரியும். கூரைக்கும் மேட் வெள்ளைதான். படுத்திருப்பவர் பார்ப்பது கூரையையும் கால்மாட்டுச் சுவரையும் மட்டும்தான். தலைமாட்டுச் சுவரில் அடர்நிறம் அடித்து 'ஹைலைட்' என்று கூடுதல் தொகை வாங்குவதெல்லாம் வீடு பார்க்க வரும் உறவினருக்காக.

ஒரே ஒரு இடத்தில் அடர்நிறம் வேண்டும் என்று நான் கேட்டேன், குளியலறைக் கதவின் நிலைக்கு. நள்ளிரவில் எழுந்திருக்கும் வயதானவருக்கு, எல்லாமே வெளிறியிருந்தால் சுவர் எது, வாசல் எது என்று புலப்படாது. வெளிச்சம் குறையும்போது சிவப்பு வகை நிறங்கள் முதலில் கறுத்துவிடும், நீலமும் பச்சையும் அவற்றைவிட வெளிறித் தோன்றும். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விடியற்காலைப் பூக்களைப் பார்த்துக் கண்டுகொண்ட இயல்பு இது. ஆகவே செம்பழுப்பு நிலை, இரவில் வெளிர் சுவருக்கு நடுவே கறுப்புச் சட்டமாகத் தெளிவாகத் தெரிகிறது. பழைய நிலையைத் தேய்க்கும்போது மட்டும் கவனம் வேண்டும். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நவம்பர் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலை நீர் தெளித்தே தேய்க்க வேண்டும், குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது.

நீங்கள் வாடகைக்கு இருக்கிறீர்களா என்று சொல்லவில்லை. இருந்தால், அடிக்கும் முன் உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டில், ஓர் ஆணிகூட அடிக்காமல் காலி செய்தபோது, 'பெயிண்டிங் சார்ஜ்' என்று ஒரு மாத வாடகையை அட்வான்சில் கழித்துக்கொண்டார் வீட்டுக்காரர். அடுத்து வந்தவருக்கு அதே அழுக்குச் சுவரைத்தான் கொடுத்தார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதையும் உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. இதைச் சொன்னால், 'இந்த ஊரில் இதுதான் வழக்கம்' என்கிறார்கள். வழக்கம் என்ற ஒரே சொல்லுக்கு ஒரு மாத வாடகை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

உங்கள் இரு நிறங்களைப் பற்றி: மஞ்சள் பல்பின் கீழ் வைத்தால் லாவண்டர் ஊதாத்தன்மை இழந்து பழுப்புச் சாம்பலாகும், இளநீலம் சற்றே பச்சைக்குச் சாயும். இரண்டுக்கும் பலகை செய்து ஒரு வாரம் கால்மாட்டில் வையுங்கள். இருவரில் யாருடைய பலகையைப் பற்றி நான்காம் நாளுக்குப் பிறகு பேச்சே எழவில்லையோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள். நிற எண்ணைக் குறித்துவைத்து, தேவையான அளவு முழுவதையும் ஒரே நாளில் ஒரே கடையில் கலந்து வாங்கிவிடுங்கள், பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கினால் சாயல் மாறிவிடும்.