டேபிள் போடுவதற்கு முன்: வாசகர் கேள்விகள்

கே: நேராக மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் டேபிள் போட்டுவிட்டு, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்காகக் கடைசியில் ஈஆர் (என்டிட்டி-ரிலேஷன்ஷிப்: எவற்றைப் பற்றித் தகவல் வைக்கிறோம், அவற்றுக்குள் என்ன உறவு என்று காட்டும்) படம் வரைந்து ஒட்டினால் போதாதா? (மாணவி, தாம்பரம்)

ப: மார்க் கிடைக்கலாம். ஆனால் படம் அதற்காக வந்ததல்ல. எட்கர் காட் 1970-ல், தகவலை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடலை வெளியிட்டார்; பீட்டர் சென் 1976-ல் ஈஆர் மாடலைக் கொண்டுவந்தார். டேபிள் என்றால் என்னவென்றே தெரியாத கடைக்காரர் படத்தைப் பார்த்து, "எங்க கடையில இப்படி இல்லையே" என்று சொல்ல முடிய வேண்டும். டேட்டா டைப், இண்டெக்ஸ் போன்ற டெக்னிக்கல் பேச்செல்லாம் அப்புறம்தான்.

கே: டியூஷன் சென்டருக்கு மாணவர் டேபிளில் பாடம்1, பாடம்2, பாடம்3 என்று ஃபீல்டு வைத்தேன். ஒரு பையன் நான்காவது பாடத்துக்கும் சேர்ந்துவிட்டான். (புரசைவாக்கம்)

ப: பாடம்4 சேர்க்காதீர்கள், பின்னாலேயே ஐந்தாவது வரும். ஒரு மாணவர் எத்தனை பாடம் படிக்கலாம்? ஒரு பாடத்தில் எத்தனை மாணவர்கள்? இரண்டுக்கும் 'பல' என்றால் அது மெனி-டு-மெனி உறவு. டேபிளாக்கும்போது நடுவே 'சேர்க்கை' என்று மூன்றாவது ஒன்று வந்தே தீரும். சேர்ந்த தேதி, பேட்ச், ஃபீஸ் சலுகை எல்லாம் அங்கேதான். கணக்குக்குச் சலுகை வாங்கியவன் இயற்பியலுக்கு முழு ஃபீஸ் கட்டுகிறான் என்றால், சலுகையை மாணவர் பக்கமும் வைக்க முடியாது, பாடத்தின் பக்கமும் வைக்க முடியாது.

இன்னொன்று: பாதியில் நின்றவன் திரும்பவும் அதே பாடத்துக்கு வந்தால்? மாணவர், பாடம் என்ற ஜோடி மட்டும் அப்போது ஒரு சேர்க்கையை அடையாளம் காட்டாது. இதையெல்லாம் ஃபீஸ் வாங்குபவரிடம் கேளுங்கள், புத்தகத்தில் கிடைக்காது.

கே: தண்ணீர் கேன் சப்ளைக்கு, வாடிக்கையாளரின் முகவரி ஒரே ஃபீல்டாக இருந்தால் போதுமா? (மயிலாப்பூர்)

ப: ஒருவருக்கு வீடு, கடை என்று இரண்டு இடத்தில் கேன் இறக்குகிறீர்களா? அப்படியானால் முகவரி தனி என்டிட்டி, அதாவது வாடிக்கையாளரைப் போலவே தனியாகத் தகவல் வைக்க வேண்டிய ஒன்று. நம்மூரில் பழைய எண், புதிய எண் தொல்லை வேறு உண்டு. இரண்டையும் தனித்தனியாக வையுங்கள், ஒன்று காலியாக இருந்தாலும் பரவாயில்லை. கேன் போடும் பையனுக்குப் பழைய எண்தான் தெரிந்திருக்கும்.

கே: செல்போன் எண்ணையே பிரைமரி கீயாக (ஒவ்வொரு வாடிக்கையாளரையும் தனித்து அடையாளம் காட்டும் ஃபீல்டாக) வைக்கலாமா? (வேளச்சேரி)

ப: வேண்டாம். ஒரே எண்ணைக் குடும்பமே கொடுக்கும். கைவிட்ட எண் வேறொருவருக்குப் போகும். அப்படியே 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்பதையும் எடுத்துவிடுங்கள். இனிஷியல் மட்டும் உள்ளவர் அங்கே புள்ளி வைத்துவிட்டுப் போவார்.