பாடம் முடிக்கவே நேரம் இல்லாதபோது, மாணவர்களின் உயர்நிலைச் சிந்தனையை ஓர் ஆசிரியர் எப்படி வளர்ப்பது?

கேட்டவர் வேலைக்குப் புதிதாக வந்த ஆசிரியர் என்று நினைக்கிறேன். நாற்பது நிமிடப் பீரியடு, ஐம்பது பிள்ளைகள், ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தால் "போர்ஷன் எதுவரைக்கும் வந்திருக்கு?" என்ற விசாரிப்பு. உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். நான் தென்காசிப் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் பதினெட்டு வருடமாக அறிவியல் ஆசிரியை. அதில் முதல் பதினோரு வருடம் ஒரு தப்பான விளக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதைச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். "எரிந்து தீர்ந்த ஆக்சிஜனின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அதனால் ஐந்தில் ஒரு பங்கு ஏறியது." எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அதையே சொன்னேன்.

ஒரு வருடம் ஏழாம் வகுப்பில் இதைச் செய்து காட்டியபோது, கடைசிக்கு முந்தின பெஞ்சில் இருந்த பையன் எழுந்தான். நோட்டில் ஒழுங்காக எழுதாத பையன், திட்டு வாங்கிப் பழகியவன். "டீச்சர், தீ எரியும்போது தண்ணி ஏறவே இல்லல்லா? அணைஞ்சப்புறந்தான ஏறிச்சு?" என்றான்.

"அதெல்லாம் மேல் வகுப்புல வரும், உட்காரு" என்றேன்.

அவன் உட்கார்ந்துவிட்டான். எனக்குப் பதில் தெரியாததால்தான் அவனை உட்கார வைத்தேன். இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அன்று ராத்திரி வீட்டில் அடுக்களையில் வைத்து நானே செய்து பார்த்தேன். அவன் சொன்னது சரி. ஆக்சிஜன் தீரத் தீரத் தண்ணீர் ஏறுகிறது என்றால், எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டும். அப்படி ஏறவில்லை. டம்ளரைக் கவிழ்த்ததும் விளிம்பு வழியாக இரண்டு மூன்று குமிழிகள் வெளியே வந்தன. சுடர் அணைந்த பிறகுதான் தண்ணீர் விறுவிறுவென்று உள்ளே போனது. பதினோரு வருடம் என் கண்ணெதிரே நடந்ததை நான் பார்க்கவே இல்லை.

காரணம் இதுதான். சுடரின் சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதும் இல்லை. டம்ளருக்குள் இருபத்தொரு சதவீதமாக இருந்தது ஏறக்குறைய பதினாறுக்கு இறங்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். போன ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் வருகிறது. மெழுகின் சமன்பாட்டை எழுதிப் பாருங்கள்: 25 கார்பன் அணுவுள்ள ஒரு மூலக்கூறு எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறு செலவாகும், 25 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு உண்டாகும். உண்டாகும் நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். ஆக, ஆக்சிஜன் செலவானதால் குறையும் அளவு சின்னதுதான். "ஐந்தில் ஒரு பங்கு" எப்போதாவது சரியாக வந்திருந்தால் அது தற்செயல்.

மறுநாள் வகுப்பில், "நேத்து இவன் கேட்டது சரி, நான் சொன்னது தப்பு" என்றேன். அப்புறம் ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று வைத்தேன். ஏற்றுவதற்கு முன்னால், தண்ணீர் எவ்வளவு ஏறும், ஏன் என்று ஒவ்வொருவரும் பேனாவில் எழுத வேண்டும், அடிக்கக் கூடாது என்றேன். நிறையப் பேர் "அதே அளவு, ஏன்னா டம்ளரில் ஆக்சிஜன் அதேதான்" என்று எழுதினார்கள். தண்ணீர் முதல் நாளைவிட நன்றாகவே மேலே ஏறியது.

"மூணு சேர்ந்து மிச்சம் மீதி ஆக்சிஜனையும் எரிச்சிருக்கும்" என்றாள் ஒருத்தி. "இல்ல, சூடுதான் கூட" என்றான் இன்னொருவன். இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "யார் சொல்றது சரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு சின்னப் பெண், "தீ இல்லாம டம்ளரை மட்டும் சூடாக்கிக் கவுத்துனா?" என்றாள்.

சத்துணவுக் கூடத்தில் வெந்நீர் வாங்கி வந்தோம். டம்ளரை அதில் முக்கி எடுத்துத் தட்டில் கவிழ்த்தோம். தீயே இல்லாமல் தண்ணீர் மெல்ல உள்ளே ஏறியது. வகுப்பு போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். முதல் நாள் கேள்வி கேட்ட பையன் ஒன்றும் பேசவில்லை. "இன்னொரு வாட்டி நான் கவுக்கட்டுமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டான்.

பி.எட். படிக்கும்போது ப்ளூமின் ஆறு படிநிலைகளை, அதாவது சிந்தனையை நினைவில் வைப்பதிலிருந்து மேல்நோக்கி அடுக்கிய அமெரிக்கக் கல்வியாளர் ப்ளூமின் பட்டியலை, வரிசை தப்பாமல் எழுதி மதிப்பெண் வாங்கினேன். 1956-இல் வந்தது, 2001-இல் திருத்தி 'படைத்தல்' என்பதை உச்சியில் வைத்தார்கள். ஆனால் ஒரு சோதனையைப் பிள்ளை தானாகவே யோசித்து உண்டாக்குவதை நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான்.

நம் புதிய பாடப் புத்தகங்களில், 2018-19-இல் தொடங்கி வந்தவற்றில், பாடத்தின் கடைசியில் உயர் சிந்தனை வினாக்கள் என்றே தனியாக இருக்கிறது. நல்ல விஷயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கைடில் அதற்கும் விடை அச்சடித்து வந்துவிடுகிறது, பிள்ளை அதையும் உருப்போடுகிறது. அப்புறம் அது வெறும் நினைவாற்றல் வினாதான். அதனால் கேள்வியை மட்டும் நம்பாதீர்கள். கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து அளந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, தாமாகப் பேசுகிறவர்கள் கூடினார்கள். இதற்குப் பணமும் வேண்டாம், போர்ஷனும் பின்தங்காது.

"அ, ஆ தெரியாத பிள்ளைக்கு உயர்சிந்தனை ஒரு கேடா" என்று இங்கே யாராவது எழுதுவார்கள். நான் மனப்பாடத்துக்கு எதிரி அல்ல. வாய்ப்பாடும் இணைதிறனும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும் என்று கண்டிப்பாக இருப்பவள். ஆனால் எங்கள் வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் நோட்டில் ஒழுங்காக எழுதாதவன். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் நான் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தார்கள், அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நேரம் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த நேரத்தைப் பாடம் மட்டுமா தின்கிறது? எத்தனை பேர் குடற்புழு மாத்திரை விழுங்கினார்கள், யாருடைய வங்கிக் கணக்கில் பெயர் பிழை, யாருக்கு என்ன அளவு செருப்பு, எல்லாவற்றையும் என் சொந்த போனில், என் சொந்தக் காசு டேட்டாவில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்க மொட்டை மாடிக்குப் போக வேண்டும். கீழே வகுப்பு சும்மா இருக்கும். இதைச் சொன்னால் சொந்தக்காரர்களே "உங்களுக்கென்ன, மே மாசம் லீவு" என்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் மனதில் இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

சரி, நீங்கள் செய்து பார்ப்பதாக இருந்தால்: சின்ன மெழுகுவர்த்தி வாங்குங்கள், உயரமானது டம்ளரின் அடியில் இடிக்கும். விளிம்புள்ள தட்டு வேண்டும், தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் விடுங்கள், கடைசி பெஞ்சுக்கும் தெரியும். டம்ளருக்கு வெளியே ரப்பர் பேண்ட் மாட்டி, ஒவ்வொரு தடவையும் ஏறிய உயரத்தைக் குறித்துவையுங்கள். கவிழ்ப்பதற்கு முன்னால் பிள்ளைகள் எழுதிவிட்டார்களா என்று ஒரு சுற்று போய்ப் பாருங்கள்.