தத்துவ எம்.ஏ.வில் தனி ஆய்வுத் தாள்: வரைவைக் காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: எம்.ஏ. தத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு விருப்பத் தாளுக்குப் பதிலாக, வழிகாட்டியோடு சேர்ந்து நாமே பாடம் அமைத்துப் படிக்கலாம் என்கிறார்கள். ‘நினைவும் தன்னடையாளமும்’ என்று எடுக்க ஆசை. எப்படி வடிவமைப்பது என்று தெரியவில்லை. வரைவு எழுதித் தர ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்த ஆட்கள் விற்பது ஒரே அச்சு. முன்னுரை, நோக்கம், முக்கியத்துவம், கடைசியில் நீளமாக ஒரு நூல் பட்டியல். அப்படி ஒரு பட்டியலை மாணவர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். தேடிப் பார்த்தால் அதிலிருந்த இரண்டு கட்டுரைகள் எங்குமே இல்லை. மாட்டிக்கொண்டது மாணவர்தான், விற்றவர் இல்லை. வரைவைப் பார்த்து அனுமதி தரும் குழுவில் ஒருவர் “இந்த நூல் எதற்கு?” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் சொல்வது தலைப்பே இல்லை, ஓர் அலமாரி. அதற்குள் ஒரு சண்டையைத் தேடிப் பிடியுங்கள். தன்னடையாளம் என்றால், காலம் போன பிறகும் ஒருவர் அதே ஆளாக இருப்பது. நினைவு எதுவரை பின்னோக்கி எட்டுகிறதோ அதுவரை நான் அதே ஆள் என்பது, சுருக்கமாகச் சொன்னால், ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கின் கட்சி. An Essay Concerning Human Understanding என்ற தன் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இதைப் பேசும் அத்தியாயத்தைச் சேர்த்தார். 1785இல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி தாமஸ் ரீட் ஒரு கதையோடு வந்து மடக்குகிறார். பழத்தோட்டத்தில் திருடி அடி வாங்கிய பையன், வளர்ந்து எதிரியின் கொடியைப் பிடித்த அதிகாரி, பிறகு வயதான ஜெனரல். அதிகாரிக்கு அந்த அடி ஞாபகம் இருக்கிறது. ஜெனரலுக்குக் கொடி பிடித்தது ஞாபகம் இருக்கிறது, அடி மறந்துபோனது. லாக்கின் கணக்குப்படி பையனும் அதிகாரியும் ஒருவர், அதிகாரியும் ஜெனரலும் ஒருவர், ஆனால் பையனும் ஜெனரலும் வேறு வேறு!

‘நேரடி நினைவு வேண்டாம், கண்ணி கண்ணியாகத் தொடர்ந்தால் போதும் என்று திருத்தினால் லாக் பிழைப்பாரா?’ ஒரு பருவத்துக்கு இந்த ஒரு கேள்வி தாராளம். லாக்கின் அத்தியாயம், ரீடின் பகுதி, ‘நினைவே அடையாளத்தை முன்கூட்டி எடுத்துக்கொள்கிறதே’ என்று 1736இல் ஜோசப் பட்லர் எழுப்பிய ஆட்சேபம், 1984இல் டெரக் பார்ஃபிட் இதே பிரச்சினை பற்றிச் சொன்னது, இவற்றோடு நான்கைந்து கட்டுரைகள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கம் எழுதி வழிகாட்டியிடம் காட்டுங்கள்.

இந்தத் தாளுக்கான படிவம் வரும்போது மலைத்துவிடாதீர்கள். மாதிரி அளவு, தரவு சேகரிப்பு முறை என்றெல்லாம் கட்டம் இருக்கும். கள ஆய்வுக்கு அச்சடித்ததை நம் தலையிலும் கட்டுகிறார்கள். லாக்கிடம் போய் எத்தனை பேரைப் பேட்டி எடுத்தீர்கள் என்று கேட்பது மாதிரிதான் இது. எத்தனை தடவை சொன்னாலும் மாற்ற மாட்டார்கள். அந்தக் கட்டங்களில் ‘பொருந்தாது’ என்று எழுதுங்கள். முறை என்ற இடத்தில் ‘மூலநூல் வாசிப்பும் வாதப் பகுப்பாய்வும்’ போதும்.

எழுதியதை இரண்டு இடத்தில் மதிப்பெண்ணுக்குக் காட்டக் கூடாது. இதில் ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். இதே பொருளில் ஆய்வேடு எழுதலாம். இந்தத் தாளுக்குப் படித்த நூல்களை அங்கேயும் பயன்படுத்தலாம், எடுத்த குறிப்புகளையும் பயன்படுத்தலாம். இங்கே வந்து சேர்ந்த முடிவை அங்கே வளர்க்கலாம், ‘முன்பு ஒரு தாளில் இதைப் பார்த்தேன்’ என்று அடிக்குறிப்பு போட்டுவிட்டு. ஆனால் பத்தியை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது. சொல்லை மட்டும் மாற்றி வைத்தாலும் அதே குற்றம்தான். வழிகாட்டி வாய்வார்த்தையாக “பரவாயில்லை” என்று சொன்னாலும் செல்லாது, அனுமதியைத் துறை எழுத்தில் தர வேண்டும்.

வழிகாட்டியை முதலில் பார்க்கும்போது வரைவோடு போக வேண்டாம். ரீடின் கதையையும் அது லாக்கை எங்கே இடிக்கிறது என்பதையும் உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். பதிவுக்குக் கடைசித் தேதியை அன்றைக்கே கேட்டுவிடுங்கள். குழு கூடுவதற்குள் அது போய்விடும்.