தங்கையின் திருமணத்துக்காகத் தவணைக் காலத்தில் யாழ்ப்பாணம் செல்வது குறித்து

வணக்கம். யூன் மாதம் யாழ்ப்பாணத்தில் நடக்கவுள்ள தங்கையின் திருமணத்துக்காக, லண்டனில் படிக்கும் ஒன்பது வயது மகனையும் ரிசப்ஷன் எனும் பள்ளியின் தொடக்க வகுப்பிலுள்ள நான்கு வயது மகளையும் இரண்டு வாரம் அழைத்துச் சென்றால் தண்டப்பணம் வருமா என்று கேட்டிருந்தீர்கள்.

மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐந்து வயது நிறைந்து அடுத்த தவணை தொடங்கும்வரை இங்கிலாந்தில் கட்டாயக் கல்வி வயது வராது என்பதால், அவளுக்காகத் தண்டம் விதிக்க முடியாது. மகன் விடயம் வேறு. பத்துப் பள்ளி வாரங்களுக்குள் ஐந்து நாட்கள் அனுமதியின்றி விடுபட்டாலே தண்டம் பற்றிப் பரிசீலிக்க வேண்டும் என்பது 2024 ஓகஸ்ட் முதல் இங்கிலாந்து முழுவதற்குமான விதி. தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே 80 பவுண்ஸ். 21 நாட்களுக்குள் கட்டாவிட்டால் 160. மூன்று ஆண்டுகளுக்குள் அதே பிள்ளைக்காக மீண்டும் வந்தால் தொடக்கமே 160. மூன்றாம் முறை நீதிமன்றம் செல்ல நேரலாம். மற்ற நாட்களில் ஒழுங்காகச் சென்றான் என்ற வாதத்தையும் தவணைக் காலத்தில் மகளை விடுமுறைக்கு அழைத்துச் சென்ற தந்தை பற்றிய வைட் தீவு (Isle of Wight) வழக்கில் 2017இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆகவே விமானச்சீட்டு வாங்குமுன், அழைப்பிதழை இணைத்து, திருமணத்தை ஒட்டிய மூன்று நான்கு நாட்களுக்கு மட்டும் அதிபரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். விதிவிலக்கான சூழ்நிலையா என்று தீர்மானிப்பவர் அவரே, இரண்டு வாரத்துக்கு அவர் இணங்குவது அரிது. முகூர்த்தம் இன்னும் உறுதியாகவில்லையெனில், மே இறுதியின் அரைத்தவணை விடுமுறையோடு சேர்க்க முடியுமா என்று வீட்டாரிடம் பேசிப் பாருங்கள். காய்ச்சல் என்று மட்டும் பள்ளிக்குச் சொல்லிவிடாதீர்கள். திரும்பி வந்ததும் அந்தப் பொய்யை ஆசிரியர் முன் சுமக்கப்போவது உங்கள் மகன்தான்.