நீல விளக்குப் பெட்டியில் வைத்தால் பல் அச்சு சுத்தமாகிவிடுமா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை முடித்து, கேப் போட அளவு எடுத்தார்கள். மேல் வரிசைக்கு பிங்க் நிற மாவு மாதிரி ஒன்று, கீழ் வரிசைக்கு களிமண் போல இரண்டு நிறத்தில் இன்னொன்று. வாயிலிருந்து எடுத்த கையோடு இரண்டையும் நீல விளக்கு எரிகிற ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். கழுவியதாகத் தெரியவில்லை. ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பையில் போட்டு லேபுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஒளி மட்டும் போதுமா? அதே பெட்டியில் முன்பு வைத்த வேறொருவரின் அச்சிலிருந்து எனக்கு ஏதாவது தொற்றுமா? அந்தக் கதிர் கேப்பில் தங்கி என் வாய்க்குள் வருமா? (வாசகி, வயது 46)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தங்காது. டார்ச்சை அணைத்த பிறகு சுவரில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டா இருக்கிறது? இதுவும் அப்படித்தான். தவிர, அந்த அச்சு உங்கள் வாய்க்குத் திரும்பி வரப்போவதே இல்லை. லேபில் அதற்குள் கல்மாவைக் கரைத்து ஊற்றுவார்கள், அது இறுகினால் உங்கள் பல் வரிசையின் மாதிரி கிடைக்கும், அதை வைத்துத்தான் கேப் செய்வார்கள். அச்சு கடைசியில் குப்பைக்குப் போய்விடும்.

இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. அந்த அச்சில் ஒட்டியிருப்பது உங்கள் எச்சில், உங்கள் ரத்தம், உங்கள் வாய்க் கிருமிகள். அது உங்களை விட்டுத் தள்ளிப் போகிற பொருள். பையைத் தூக்கிப் போகிறவர், லேபில் பிரித்துக் கையில் எடுக்கிற டெக்னீஷியன், இவர்களுக்குத்தான் முதல் ஆபத்து. உங்களுக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது, பல நேரம் நோயாளிக்கே தெரிவதில்லை, அந்த வைரஸோ காய்ந்த பரப்பில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கக்கூடியது. அச்சிலிருக்கும் கிருமி கல்மாதிரிக்கும் இடம் மாறும். ஆகவே கிருமிநீக்கம் கட்டாயம் தேவை, அதில் சந்தேகமே வேண்டாம். நீல விளக்கு மட்டும் அதைச் செய்துவிடுமா என்பதுதான் விஷயம், அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை.

அந்தப் பெட்டியில் எரிவது புற ஊதா விளக்கு. புற ஊதா ஒளி கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். புதிய சங்கதியும் இல்லை. வெயில் பட்டால் பாக்டீரியா வளராது என்று டவுன்ஸ், பிளன்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1877-லேயே காட்டிவிட்டார்கள். இந்தப் பெட்டிகளில் வழக்கமாக இருப்பது பாதரச ஆவி விளக்கு. அதிலிருந்து பெரும்பாலும் வருவது 254 நானோமீட்டர் ஒளி. டிஎன்ஏ மிக நன்றாக உறிஞ்சிக்கொள்ளும் 260-க்கு இது பக்கத்தில் இருப்பதால், கிருமியின் டிஎன்ஏவில் அடுத்தடுத்து இருக்கும் தைமின்கள் (டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்று) இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதனால் பெருக முடியாது. இன்னொன்று, நீங்கள் பார்த்த நீல நிறம் கொல்கிற ஒளி இல்லை. கொல்கிற ஒளி கண்ணுக்கே தெரியாது. நீலம் கூடவே வருகிற துணை வெளிச்சம், அவ்வளவுதான். அதனால் நீலமாக எரிகிறது என்பதை வைத்து விளக்கு வேலை செய்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

இந்த ஒளியின் குணம் ஒன்று உண்டு: நேராகப் பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். வெந்நீர் மாதிரி சந்து பொந்தில் எல்லாம் புகுந்து வராது. இப்போது உங்கள் அச்சைக் கையில் எடுத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பல்லும் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கிணறு. முன்பல் என்றால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஆழம் இருக்கும், அடிப்பகுதி குறுகல். பற்கள் ஒன்றையொன்று தொட்டிருந்த இடத்தில் மெல்லிய தடுப்புச் சுவர்கள். கேப் போடப் போகிற பல்லைச் சுற்றி ஈறுக்கு உள்ளே அளவுப் பொருள் இறங்கியிருக்கும். அது வெளியே வரும்போது கிணற்றின் விளிம்பில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு மெல்லிய வளையமாக நிற்கும். ரத்தம் ஒட்டியிருப்பது பெரும்பாலும் அந்த வளையத்தில்தான், அந்த வளையமே தன் பின்பக்கத்துக்கு நிழலும் போடும். மேலே ஒரே ஒரு விளக்கு என்றால் கிணற்றின் ஒரு சுவருக்கு ஒளி, எதிர்ச்சுவருக்கு இருட்டு. பெட்டியின் ஸ்டீல் சுவர் பளபளவென்று இருக்கிறதே, அதில் பட்டுத் திரும்பாதா என்று கேட்கலாம். ஸ்டீல் நம் கண்ணுக்குத்தான் கண்ணாடி மாதிரி. இந்த ஒளியில் ஒரு பகுதியைத்தான் திருப்பி அனுப்பும். அலுமினியம் பரவாயில்லை.

அடிப்பக்கத்தை யாரும் யோசிப்பதே இல்லை. அச்சு, அளவுப் பொருளை நிரப்பி வாயில் வைத்த ட்ரேயோடுதான் பெட்டியின் தட்டில் படுத்திருக்கிறது. ட்ரேயின் முதுகில் ஓட்டைகள் வழியே பிதுங்கிய பிங்க் மொட்டுகள், எச்சில் வழிந்த கைப்பிடி, இதில் எதற்கும் ஒளி படவில்லை. லேபில் அந்த மனிதர் முதலில் பிடிக்கப்போவது அந்தக் கைப்பிடியைத்தான்!

நிழலாவது போகட்டும், நாலு பக்கமும் விளக்கு வைத்த பெட்டி வாங்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கழுவாமல் வைத்தால் அதுவும் வீண். எச்சிலும் ரத்தமும் புரதம். புரதம் இந்த ஒளியைக் குடித்துவிடும், அடியில் இருக்கிற கிருமிக்கு அது குடை. எச்சில் ஒரு மில்லிலிட்டரில் சுமார் 10 கோடி பாக்டீரியா இருக்கும். பெட்டியின் மேல் 99.9 சதவீதம் என்று பெரிதாக எழுதியிருந்தால், எல்லாம் சொன்னபடி நடந்தாலும் 10 கோடியில் மிச்சம் 1 லட்சம். சதவீதக் கணக்கில் பார்த்தால் பிரமாதம், எண்ணிக்கையில் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. ஓடுகிற தண்ணீரில் அரை நிமிடம் காட்டி எச்சிலையும் ரத்தத்தையும் போக்குவதுதான் முதல் கிருமிநீக்கம் என்று என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். குழாய்க்கு விளம்பரம் கிடையாது, அதனால் கேட்க மாட்டார்கள்.

என்னிடமும் அந்தப் பெட்டி இருக்கிறது, இல்லாமல் பேசவில்லை. ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டு ஈரத்துணியால் குழாயைத் துடைத்தேன், துணி முழுக்க வெள்ளை. பக்கத்திலேயே கல்மாவு கலக்குகிற மேஜை. அந்தத் தூசிதான் மாதக்கணக்கில் குழாயில் படிந்து ஒளியைத் தடுத்திருக்கிறது, நீலமாக எரிந்துகொண்டேதான் இருந்தது. விளக்குக்கு வயதும் ஆகும். சில ஆயிரம் மணி நேரம் எரிந்த பிறகு வெளிச்சம் இருக்கும், கொல்கிற வலு குறைந்திருக்கும். அதை அளக்க மீட்டர் உண்டு. எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

பிறகு ஏன் பல் டாக்டர்கள் இந்தப் பெட்டியை விரும்புகிறார்கள்? அதில் நியாயம் இருக்கிறது. அந்த பிங்க் மாவு ஆல்ஜினேட். அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். கிருமிநாசினித் திரவத்தில் அதிக நேரம் ஊறப் போட்டால் தண்ணீரை இழுத்து உப்பும், வெளியே காயவிட்டால் தண்ணீரைக் கக்கிச் சுருங்கும். உப்பினாலும் சுருங்கினாலும் அளவு மாறும், செய்து வருகிற பொருள் சரியாக உட்காராது. பாலிஈதர் என்று இன்னொரு வகை இருக்கிறது, அதற்கும் நீண்ட நேரம் ஊறினால் ஆகாது. ஒளி என்றால் நனைக்கவே வேண்டாம், வாசனை இல்லை, கையில் எரிச்சல் இல்லை, அலசித் தள்ள ரசாயனமும் இல்லை. நேராக ஒளி படும் பரப்பில் கிருமி எண்ணிக்கை கணிசமாகக் குறையவும் செய்யும். சரி, ஆனால் ஆல்ஜினேட்டைப் பெட்டிக்குள் கால் மணி, அரை மணி என்று விட்டால் விளக்குச் சூட்டில் அது காயத் தொடங்கும், அதாவது நனைக்காமல் தப்பித்து காய்ந்து மாட்டிக்கொள்ளும். உங்கள் கீழ் வரிசைக்கு எடுத்த இரண்டு நிறப் பொருள் சிலிக்கோன் வகையாகத்தான் இருக்கும். அதற்கு இந்தப் பிரச்சினை குறைவு. திரவத்தில் முக்கி எடுத்தாலும் பெரிதாகக் கோணாது. அதற்கு ஒளிப்பெட்டி தேவையே இல்லை என்பேன்.

நான் செய்வதைச் சொல்கிறேன். வாயிலிருந்து எடுத்ததும் குழாயடி. தண்ணீரை உதறிவிட்டு, ஆல்ஜினேட் என்றால் 0.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் தெளித்து, ட்ரேயின் முதுகையும் கைப்பிடியையும் விடாமல் நனைத்து, மூடிய பையில் 10 நிமிடம். சிலிக்கோன் என்றால் அதை உருவாக்கிய நிறுவனம் தாளில் எழுதியிருக்கிற திரவத்தில், எழுதியிருக்கிற நேரம் முக்குவது. மறுபடி ஒரு அலசல், அதன் பிறகுதான் லேபுக்கு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2003-இல் பல் மருத்துவமனைகளுக்குக் கொடுத்த வழிகாட்டலிலும் இதே வரிசைதான்: கழுவு, காசநோய்க் கிருமியையும் கொல்லும் தரமுள்ள கிருமிநீக்கி போடு, அலசு, என்ன போட்டோம், எவ்வளவு நேரம் போட்டோம் என்று லேபுக்கு எழுதி அனுப்பு. எழுதி அனுப்பாவிட்டால் லேபிலும் சந்தேகப்பட்டு இன்னொரு முறை முக்குவார்கள், அச்சு அங்கே கெடும். இத்தனைக்கும் மேலே ஒருவர் ஒளிப்பெட்டியில் வைத்தால் வைக்கட்டும், நான் தடுக்க மாட்டேன்.

நீங்கள் கவனிக்காமல் விட்டதும், உங்களுக்கு நிஜமாகவே சம்பந்தப்பட்டதும் வேறு இரண்டு. ஒன்று, அளவு எடுக்க உங்கள் வாயில் வைத்த ட்ரே. உலோக ட்ரே என்றால் அது உங்களுக்கு முன்பு வேறு வாய்களுக்குள் போய் வந்தது. அதை ஆட்டோகிளேவில் போட்டிருக்க வேண்டும், 121 டிகிரியில் 15 நிமிடமோ 134 டிகிரியில் 3 நிமிடமோ அழுத்த நீராவியில். நீல விளக்கு அந்த வேலையைச் செய்யாது. விதை மாதிரி உறங்குகிற பாக்டீரியா வித்துகள் அந்த ஒளியை மற்றக் கிருமிகளைவிட அதிகமாகத் தாங்கும். கருவிகளை ஆட்டோகிளேவ் செய்த பிறகு எடுத்துவைக்கிற அலமாரியாக இந்தப் பெட்டி இருக்கலாம். ஆட்டோகிளேவுக்குப் பதிலாக இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் ட்ரே என்றால் பெரும்பாலும் ஒருமுறைதான், உபயோகித்ததும் போட்டுவிட வேண்டியது.

இரண்டு, லேபிலிருந்து திரும்பி வரும் கேப். லேபில் பல பேருடைய கேப்பும் பல்செட்டும் ஒரே மேஜையில் கிடக்கும். பாலிஷ் போடும் சக்கரத்தையும், அதில் தொட்டுத் தொட்டுத் தேய்க்கிற ஈரமான பியூமிஸ் (எரிமலைக் கல் தூள்) குழம்பையும் கண்டிப்பாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கிருமிப் பண்ணை. வேறொருவர் வாயிலிருந்து உங்கள் வாய்க்குப் பாதை இருக்கிறது என்றால் அது அந்த ட்ரேயும் இதுவும்தான், நீங்கள் பயந்த பெட்டி இல்லை. அதனால் கேப் வந்ததும் அதைக் கழுவி, கிருமிநீக்கி போட்டு, அலசிவிட்டுத்தான் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு டாக்டரிடம், “லேபிலிருந்து வந்ததைச் சுத்தம் செய்துவிட்டீர்களா?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

கழுவாமல் பெட்டியில் வைத்தார்களே என்பதற்கு, நீங்கள் பார்க்காத நேரத்தில் கழுவியும் இருக்கலாம், உதவியாளர் தொட்டிப் பக்கம் போய் வர அதிக நேரம் ஆகாது. உடனே ஆளை மாற்ற வேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு வீட்டுக்கு ஒரு புற ஊதா டப்பா வாங்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். பிரஷ்ஷை அலசி நிமிர்த்திக் காயவிட்டால் போதும், பல்செட்டைத் தேய்த்துக் கழுவினால் போதும். திறந்த விளக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். மாணவனாக இருந்தபோது பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, விளக்கு எரிய எரிய அதன் எதிரே நின்று கருவிகளை அடுக்கினேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நடு ராத்திரியில் இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல், தண்ணீர் கொட்டுகிறது, விளக்கைப் பார்க்க முடியவில்லை. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. கதவு மூடியிருந்தால் பயமில்லை, சாதாரணக் கண்ணாடியே இந்த ஒளியைத் தடுத்துவிடும், அதனால் அன்றைக்கு நாற்காலியில் இருந்தபடி கண்ணாடி வழியே நீங்கள் பார்த்ததில் கண்ணுக்கு எந்தக் கேடும் இல்லை.

கேப் பொருத்திப் பார்க்கும்போது கடித்துப் பாருங்கள். அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிற மாதிரி இருந்தாலோ, பக்கத்துப் பல்லோடு இடைவெளி தெரிந்தாலோ, ஒட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். லேசான இடி என்றால் அங்கேயே தேய்த்துச் சரிசெய்வார்கள். மொத்தமாகவே உட்காரவில்லை என்றால் தள்ளி அழுத்தி ஒட்ட வேண்டாம் என்று சொல்லி, திரும்ப அளவு எடுக்கக் கேளுங்கள்.