நூத்துக்கு நூறும் பிள்ளைக்கே போகணுமா?

கேள்வி: எங்களுக்கு கல்யாணம் ஆகி 25 வருஷம் ஆகுது. விருந்து வைக்காம அந்த 30,000 ரூபாயை படிப்புக்கோ சுற்றுச்சூழலுக்கோ வேலை செய்யுற ஒரு தொண்டு நிறுவனத்துக்கு குடுக்கலாம்னு நானும் வீட்டுக்காரம்மாவும் முடிவு பண்ணிருக்கோம். ஆனா எங்க விசாரிச்சாலும் ஆபீஸ் வாடகை, சம்பளம், வண்டின்னு செலவு காட்டுறாங்க. சேவைக்கு எதுக்குங்க சம்பளம்? குடுக்குற நூறு ரூபாய்ல நூறும் பிள்ளைங்களுக்கே போற மாதிரி ஒரு அமைப்பு சொல்லுங்க.
– வாசகர், ஈரோடு

பதில்: ரெண்டு பேருக்கும் மனசார வாழ்த்துகள். குடுக்கணும்னு நினைச்சீங்களே அது பெரிய விஷயம், ஆனா கேட்ட கேள்வி தப்புங்க, கோவிச்சுக்காதீங்க. நூத்துக்கு நூறும் பிள்ளைக்கே போகுதுன்னு ஒரு அமைப்பு சொன்னா, ஒண்ணு அங்க வேலை செய்யுறவங்க சம்பளத்தை வேற யாரோ கட்டுறாங்க, இல்லைன்னா கணக்கை மாத்தி எழுதறாங்க, அதுவும் இல்லைன்னா பொருளை குடுத்து போட்டோ எடுத்துட்டு கிளம்பறதைத் தவிர அங்க வேற வேலை நடக்கல.

படிப்பையே பாருங்க. பிள்ளைக்கு ஃபீஸ் கட்டிட்டா முடிஞ்சதுன்னு நாம நினைக்கிறோம். இன்னைக்கு தமிழ்நாட்டுல அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட் கிடைச்சா ஃபீஸை அரசாங்கமே ஏத்துக்குது, புதுமைப்பெண் திட்டத்துல 2022ல இருந்தும் தமிழ்ப்புதல்வன் திட்டத்துல 2024ல இருந்தும் காலேஜ் போற பிள்ளைங்களுக்கு மாசம் 1,000 ரூபாய் வருது. இவ்வளவு இருந்தும் பிள்ளைங்க நடுவுல நின்னுடறாங்க. ஏன்? வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு அந்தப் பொண்ணுதான், அது வரைக்கும் தமிழ் மீடியம், இங்க வாத்தியார் பூரா இங்கிலீஷ்ல நடத்துறாரு, முதல் செமஸ்டர்ல மூணு அரியர், ஹாஸ்டல்ல யார்கிட்டயும் பேச்சு இல்ல, ஊர்ல அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு போனவ திரும்பி வரல. அந்த நேரத்துல "ஏம்மா வரல"ன்னு போன் பண்ண ஒருத்தர் வேணும், பஸ் ஏறிப் போய் அந்த வீட்டுல உக்காந்து அப்பா அம்மாகிட்ட பேச ஒருத்தர் வேணும். அந்த ஒருத்தர்தான் அந்தப் பொண்ணோட படிப்பைக் காப்பாத்துறாரு, அவருக்கு குடுக்குற சம்பளத்தைத்தான் நீங்க வீண் செலவுன்னு சொல்றீங்க.

தன்னார்வலர்கள் சும்மாவே செய்யுறாங்களேன்னு கேப்பீங்க. செய்யுறாங்க, நிறைய பேரு. 2006ல ஆரம்பிச்ச அகரம்ங்கற தொண்டு அமைப்பு, வசதி இல்லாத பிள்ளைங்க காலேஜ் படிக்க உதவுற விதை திட்டத்தை 2010ல தொடங்கினப்புறம், விண்ணப்பிச்ச பிள்ளைங்க வீட்டுக்கே தன்னார்வலர்கள் போய்ப் பாத்து பேசித்தான் தேர்ந்தெடுக்கறாங்க. அருமையான வேலை. ஆனா ஞாயித்துக்கிழமை வர்றவங்களை யாரு எந்த ஊருக்கு அனுப்பறது, செவ்வாக்கிழமை மத்தியானம் அழுதுக்கிட்டு போன் பண்ற பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது, அதுக்கு முழுநேரமா ஆள் இருந்தே ஆகணும், அவங்களுக்கும் வீட்டு வாடகை இருக்கு, பால் பில் இருக்கு.

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976ல வெறும் 11 படுக்கையோட ஆரம்பிச்சது. காசு கட்டுறவங்க கட்டுற பணத்துலதான் கட்ட முடியாதவங்களுக்கும் ஆபரேஷன் நடக்குது, அந்தக் கதை பல பேருக்குத் தெரியும். அங்க கிராமத்துப் பொண்ணுங்களை பிளஸ் டூ முடிச்ச கையோட சேத்து ரெண்டு வருஷம் பயிற்சி குடுத்து வேலைக்கு வெச்சிருக்காங்களே, அதைப் பத்தி அவ்வளவா யாரும் பேசறதில்ல. நோயாளியைத் தயார் பண்றது, கண்ணை அளக்கறது, ஆபரேஷனுக்கு அப்புறம் பாத்துக்கறதுன்னு பாதி ஆஸ்பத்திரி அவங்க கையிலதான் ஓடுது, அதனாலதான் ஒரு டாக்டரால ஒரே நாள்ல அத்தனை ஆபரேஷன் பண்ண முடியுது. அவங்களுக்கு சம்பளம் வேண்டாம்னு சொல்லிப் பாருங்க, மறுநாள் ஆபரேஷன் தியேட்டரைத் திறக்க ஆள் இருக்காது.

சுற்றுச்சூழல்லயும் இதே கதைதான். குளம் தூர்வாரணும்னா ஜேசிபி வாடகைக்கு உடனே காசு குடுக்கறாங்க, அது கண்ணுக்குத் தெரியுது, போர்டு வைக்கலாம். ஆனா குளம் நிரம்பறது வரத்துக் கால்வாயாலங்க. அது நாலு ஊர் தாண்டி வருது, எங்கயோ ஒருத்தர் மறிச்சிருப்பாரு, அந்த ஊர்ல போய் பேசணும், ஊராட்சியில தீர்மானம் போட வைக்கணும், ரெண்டு மழைக்கப்புறம் திரும்ப முளைக்கிற சீமைக்கருவேலத்தைப் பிடுங்க ஆள் வைக்கணும். மதுரையில 1997ல தொடங்கின தானம் அறக்கட்டளை வயலகம்னு ஒரு திட்டம் நடத்துது, கண்மாய்ப் பாசன விவசாயிகளையே சங்கமா சேத்து, அவங்க பங்கையும் போட வெச்சுத்தான் கண்மாயைச் சீர் பண்றாங்க. சங்கம்னு ஒண்ணு இருந்தா மடை உடைஞ்சா மறுவருஷம் கேக்க ஆள் இருக்கு, ஆனா அந்த சங்கத்தை உண்டாக்க ஒரு பணியாளர் வருஷக்கணக்கா அந்த ஊர் டீக்கடையிலயும் சாவடியிலயும் உக்காந்து பேசணும், அதுக்கு யாருங்க ஸ்பான்சர் பண்றா? மரம் நடறதும் அப்படித்தான், கன்னு வாங்க காசு வருது, ரெண்டு கோடைக்குத் தண்ணி ஊத்துறவருக்கு கூலி வர்றதில்ல, அதான் அவ்வளவும் காயுது.

சட்டம் கூட இந்த விஷயத்துல நம்மளை விட தெளிவா இருக்கு. வெளிநாட்டு நன்கொடையில நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு 2020ல குறைச்சாங்க, முன்னாடி 50 இருந்தது. அந்த இறுக்கமான சட்டத்தோட விதியிலயே, பள்ளிக்கூட வாத்தியாருக்கும் ஆஸ்பத்திரி டாக்டருக்கும் குடுக்குற சம்பளம் நிர்வாகச் செலவுல சேராதுன்னுதான் இருக்கு. ஏன்னா வேலையே அவங்கதான்.

ஏமாத்துற ட்ரஸ்ட்டே இல்லைன்னு நான் சொல்லல, இருக்கு. அதனால கணக்கு கேளுங்க, கண்டிப்பா கேளுங்க. தணிக்கை பண்ணின வரவு செலவு மூணு வருஷத்துக்கு காட்டச் சொல்லுங்க, காட்ட யோசிச்சா அங்கயே எழுந்து வந்துடுங்க. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா வரிக்கழிவு கிடையாது, புது வரி முறையில இருக்கீங்கன்னா எப்படிக் குடுத்தாலும் கிடையாது, எப்படியிருந்தாலும் பேங்க் வழியாவே குடுங்க. அப்புறம் சம்பளம் எத்தனை சதவீதம்னு கேக்கறதுக்கு பதிலா, மூணு வருஷம் முன்னாடி சேந்த பிள்ளைங்கள்ல எத்தனை பேரு இப்பவும் படிக்கறாங்க, நின்னுட்டவங்க ஏன் நின்னாங்கன்னு கேளுங்க. நின்னவங்களைப் பத்தி விவரமா பேசத் தெரிஞ்ச இடத்தை நான் நம்புவேன். எல்லாரும் பாஸ்னு சொல்ற இடத்துல இன்னும் நாலு கேள்வி கேப்பேன்.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா இந்தப் பக்கத்துக்கு வர்ற கடிதங்கள்ல அடிக்கடி பாக்கறதால சொல்றேன். காப்பகத்துப் பிள்ளைங்களை வரிசையா நிக்க வெச்சு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீங்க. நம்ம பிறந்தநாள் கேக்குக்கு கைதட்ட அந்தப் பிள்ளைங்க அங்க இல்லைங்க. அதுவும் இல்லாம, பாதுகாப்பு தேவைப்படுற குழந்தையோட அடையாளத்தை வெளியிடறது 2015 சிறார் நீதிச் சட்டத்துல 74வது பிரிவின் கீழ் குத்தம், ஆறு மாசம் வரை ஜெயில் இல்லைன்னா ரெண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். போட்டோ அனுப்ப மாட்டோம்னு ஒரு காப்பகம் சொன்னா அது நல்ல காப்பகம்னு எடுத்துக்கோங்க.

அமைப்பு பேர் கேட்டீங்க. எங்கயோ இருக்கற பெரிய பேரை விட, உங்க வீட்டுல இருந்து பஸ்ல போய்ட்டு வர்ற தூரத்துல இருக்கறதா பாருங்க. விழா நாள்ல போகாதீங்க, சாதாரண வேலைநாள்ல ரெண்டு பேருமா போங்க, யாரு என்ன செய்யுறாங்கன்னு பாருங்க, களத்துக்குப் போறவங்ககிட்ட தனியா பேசுங்க, எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க, சம்பளம் மாசாமாசம் வருதான்னு கேளுங்க. பிடிச்சிருந்தா 30,000த்தை ஒரே நாள்ல குடுக்காம மாசம் 2,500ன்னு ஒரு வருஷத்துக்குக் குடுங்க, மாசம் தவறாம வர்ற காசை நம்பித்தான் அவங்களால ஒரு ஆளை வேலைக்கு வைக்க முடியும். குடுக்கறப்போ "இதை சம்பளத்துக்கும் எடுத்துக்கலாம்"னு ஒரு வரி எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.